இரண்டு பாதிகளுக்கு நடுவே

பெஸ்ஸினுஸ் ஊருக்குக் கத்தி புதிதல்ல.
பனி உருகும் மாதத்தில்
மலைத்தாயின் கோயிலில் பறை அதிரும்.
இளவட்டங்கள் ஆடி, வெறியேறி,
தங்களையே அறுத்துக்கொண்டு
அவளுக்குப் பூசாரிகள் ஆவார்கள்.
மறுநாள் அந்தத் தெருவைக் கழுவ
எங்கள் கசாப்புக் கடைத் தொட்டியிலிருந்துதான்
தண்ணீர் போகும்.

அதனால், யோவசார்,
தோல்பையிலிருந்து அந்தச் சிறுகத்தியை எடுத்து
வெள்ளைத் துணிமேல் நீங்கள் வைத்தபோது
எனக்குப் பயமில்லை.
கூர் பார்த்தேன்.
நல்ல கூர்.

என் புருஷன் அத்தாஸுக்கு
மூன்று நாளாய்ச் சோறு இறங்கவில்லை.
இந்த அடையாளம் இல்லாமல்
வாக்கு உன்னுடையதல்ல என்றீர்களாம்.
காலமெல்லாம் வாசலுக்கு வெளியே நின்றவன்.
உள்ளே வா என்று ஒருவர் அழைத்த பிறகும்
செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறான்.

ஒன்று கேட்கிறேன், கோபம் வேண்டாம்.
அவன் உடம்பில் எழுதுவீர்கள்.
என் உடம்பில்
எங்கே எழுதுவீர்கள்?

மாவு பிசைந்துகொண்டிருந்த ஸிமேனேயின் கை நின்றது.
நீங்கள் தரையைப் பார்த்தீர்கள்.

நியாயப்பிரமாணத்தை நான் பழிக்கவில்லை.
இதோ என் தராசு.
பதினெட்டு வருஷத்தில் ஒரு பொய் சொன்னதில்லை.
அரைப்பலம் குறைந்தாலும் தட்டு காட்டிக்கொடுக்கும்.
ஆனால் குறைந்த இடத்தில்
ஒரு துண்டு இறைச்சியை
அது தானாக எடுத்து வைத்ததுண்டா?
சீனாயிலிருந்து வந்த தராசில்
நானும் ஏறி நின்றேன்.
எவ்வளவு குறைவு என்று தெரிந்துகொண்டேன்.
அதற்கு நன்றி.
அதற்குமேல் அதனிடம் கேட்பது
கல்லில் நார் உரிப்பது.

நீங்களே சொன்ன கதைதான்.
ஊர் என்னும் ஊரைவிட்டுப் புறப்பட்ட கிழவர்
கிடாரியை, வெள்ளாட்டை, கடாவை
நடுவாகப் பிளந்து எதிரெதிரே வைத்தார்.
நான் பிளந்திருக்கிறேன்.
முதுகெலும்பைப் பிடித்துப் போகவே
ஒரு காலைப்பொழுது ஆகும்.
முழங்கைவரை பிசுபிசுப்பு, ஈ.
கழுகுகளை வேறு விரட்டிக்கொண்டிருந்தாராம், பாவம்.

வாக்குத் தவறினால் எனக்கும் இதே கதி என்று
அந்த நடுவே நடக்க வேண்டும்.
அதுதானே முறை?
நடந்தது யார்?
கிழவர் தூங்கிவிட்டார்.
இருட்டில் புகைகிற அடுப்பொன்று,
தீப்பந்தம் ஒன்று,
அவை மட்டும் அந்த ஈரத்தில் கடந்து போயின.
கிழவருக்குக் கால்கூட நனையவில்லை.
அவர் உடம்பில் அடையாளம் ஏறியதோ
எத்தனையோ வருஷம் கழித்து.
கணக்குத் தெரிந்தவள் நான்:
ரசீதைக் காட்டி யாரும்
சரக்கைச் சம்பாதிப்பதில்லை.

அப்புறம்
வாக்குத் தவறியவர்கள் நாங்கள்.
பிளவுண்டவர், நடந்தவர்.
எருசலேமுக்கு வெளியே,
ஓய்வுநாளுக்கு முந்தின பகலில்.
எலும்பு உடைத்துப் பிழைக்கிறவள்,
இந்த இடத்தில் என் குரல் உடைந்தது.

வெகுநேரம் கழித்துச் சொன்னீர்கள்:
“இந்த அடையாளத்துக்காகத்தான், பெண்ணே,
எங்கள் முன்னோரைக் கொன்றார்கள்.
பிள்ளைகளைத் தாய்மார் கழுத்தில் கட்டி.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இப்போதும் இல்லை.
உங்கள் உடம்பில் இருப்பதை
யார் அழிக்கச் சொன்னது?
அவன் உடம்பில் இல்லாததை
விலையாகக் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

பின்கட்டில் அத்தாஸ் இருமினான்.
கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.
வந்து உட்காரவில்லை, போகவும் இல்லை.
கத்தி துணிமேலேயே கிடந்தது.

அப்போது சாயக்காரனின் விதவை வந்தாள்,
கையில் ஒரே ஒரு செப்புக்காசு.
நிறுத்தேன்.
தட்டுகள் சமமாக நின்றன.
இன்னொரு துண்டு வைத்தேன்.
பிறகு ஈரலில் கொஞ்சம்.

தராசு சாய்ந்தது,
ஒரு குற்றமும் சொல்லாமல்.
நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.